சளி, இருமல்: கடையில் வாங்கும் மருந்தில் கவனிக்க வேண்டியவை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் சளி, தும்மல், தொண்டைக் கரகரப்பு இல்லாத வீடு அபூர்வம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு முதலில் வரும். நான்கைந்து நாளில் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் பாட்டிக்கும் ஒட்டிக்கொள்ளும். இதற்காகப் பெரும்பாலோர் டாக்டரிடம் போவதில்லை. தெருமுனை மெடிக்கலில் நின்று, "சளிக்கு ஒரு மாத்திரை கொடுங்க தம்பி" என்று கேட்டு வாங்கிவிடுகிறோம்.

இதில் தவறு எதுவும் இல்லை. சாதாரண சளிக்கு எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசியம் கிடையாது. ஆனால் வாங்கிய மாத்திரையில் என்ன இருக்கிறது, அது எதற்கு, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது தெரியாமல் விழுங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. இந்தக் கட்டுரையை வீட்டில் உள்ளவர்கள் சேர்ந்து படித்து, மருந்துப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

1. மருந்து சளியைக் குணப்படுத்துகிறதா?

இல்லை. இதை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சளியை உண்டாக்குபவை வைரஸ்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வகை வைரஸ்கள் சளியைக் கொண்டுவரும். அவற்றில் அதிகம் காணப்படுவது ரைனோ வைரஸ். இந்த வைரஸ்களை அழிக்கும் மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை. நம் உடலே அவற்றை எதிர்த்து வெளியேற்றுகிறது. அதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம்.

"மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம்" என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அது ஏறக்குறைய உண்மை. அப்படியானால் மருந்து எதற்கு? அந்த ஏழு நாளும் காய்ச்சல், தலைவலி, மூக்கடைப்பு போன்ற தொல்லைகளைக் குறைத்து, தூங்கவும் வேலை பார்க்கவும் வழி செய்வதற்கு. தொல்லை இருந்தால் மருந்து, இல்லாவிட்டால் வேண்டாம். "சளி பிடித்துவிட்டது, எதற்கும் ஒரு மாத்திரை போட்டு வைப்போம்" என்பது தேவையில்லாத பழக்கம்.

2. ஆன்டிபயாடிக் ஏன் வேண்டாம்?

மூன்று மாத்திரை கொண்ட அசித்ரோமைசின் அட்டையைச் சளி மாத்திரை என்றே பலர் நினைக்கிறார்கள். அது ஆன்டிபயாடிக். பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. மூன்று நாளில் சளி குறைந்தால் அது மாத்திரையால் அல்ல, குறைய வேண்டிய நாளில் குறைந்தது.

மூக்குச் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் உடனே ஆன்டிபயாடிக் வேண்டும் என்ற எண்ணமும் சரியல்ல. சாதாரண சளியிலேயே இரண்டு மூன்று நாளுக்குப் பின் நிறம் மாறுவது இயல்பு.

தேவையில்லாமல் சாப்பிடுவதால் வயிற்றுப்போக்கு, ஒவ்வாமை வரலாம். அதைவிடப் பெரிய நஷ்டம், பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிப்போவது. நாளை அதே பிள்ளைக்கு நிமோனியா வந்தால் அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. கடைக்காரர் கொடுத்தாலும் நாம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

3. பாராசிட்டமால்: நல்ல மருந்து, ஆனால் கணக்குத் தவறக் கூடாது

காய்ச்சல், தலைவலி, உடல்வலி, தொண்டை வலி ஆகியவற்றுக்கு முதலில் நாட வேண்டியது பாராசிட்டமால்தான். டோலோ, குரோசின், கால்பால் என்று பல பெயர்களில் விற்கிறது. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் டாக்டர்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம். அடுத்த மாத்திரைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. ஒல்லியான உடல்வாகு உள்ளவர்கள், வயதானவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த எல்லை இன்னும் குறைவு. அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

"ஒரு நாளைக்கு எட்டு மாத்திரையா சாப்பிடப் போகிறேன்?" என்று தோன்றும். ஆனால் நம்மை அறியாமலே அந்த அளவைத் தொட்டுவிட முடியும். இந்தக் கணக்கைப் பாருங்கள்:

காய்ச்சலுக்கு 650 மாத்திரை, மூன்று வேளை: 1950
சளிக்கு ஒரு கூட்டு மாத்திரை, அதில் பாராசிட்டமால் 500, மூன்று வேளை: 1500
உடல்வலிக்கு அசிக்ளோஃபெனாக் சேர்ந்த மாத்திரை, அதில் பாராசிட்டமால் 325, இரண்டு வேளை: 650
மொத்தம்: 4100 மில்லிகிராம்

மூன்று நோய்க்கு மூன்று மாத்திரை சாப்பிட்டதாக அவர் நினைக்கிறார். ஆனால் ஒரே மருந்தை மூன்று பெயரில் சாப்பிட்டு எல்லையைத் தாண்டிவிட்டார். அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். முதல் நாள் குமட்டல் தவிர வேறு எதுவும் தெரியாமல் இருக்கும். மஞ்சள் காமாலை தெரியும்போது பாதிப்பு முற்றியிருக்கும். எனவே அளவு கூடிவிட்டதாகத் தெரிந்தால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்கு மாற்று மருந்து உண்டு. சீக்கிரம் போனால் நல்ல பலன் தரும்.

4. கூட்டு மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

"சளி மாத்திரை" என்று கடையில் தருவது பெரும்பாலும் மூன்று மருந்துகளின் கலவை. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் அவற்றின் பெயர்கள் இருக்கும்.

பாராசிட்டமால்: காய்ச்சலுக்கும் வலிக்கும். மேலே பார்த்தோம். கூட்டு மாத்திரை சாப்பிடும் நாளில் தனியாக வேறு பாராசிட்டமால் போடக் கூடாது.

குளோர்பெனிரமின்: தும்மல், மூக்கு ஒழுகுவதைக் குறைக்கும். தூக்கம் வரவைக்கும். இதைச் சாப்பிட்டுவிட்டு பைக், ஆட்டோ, லாரி ஓட்டக் கூடாது. இயந்திரத்தில் வேலை செய்யக் கூடாது. புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். சில வகைக் கண் அழுத்த நோய்க்கும் ஆகாது. இரவில் தடுமாறி விழும் வயதில் உள்ள பெரியவர்களுக்கு இதைத் தவிர்ப்பதே நல்லது.

ஃபினைல்எஃப்ரின்: மூக்கடைப்பைத் திறக்கும் என்று சேர்க்கப்படுகிறது. ஆனால் வாய்வழி சாப்பிடும்போது இது மூக்கடைப்புக்குப் பலன் தருவதில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில், சளி மருந்துகளில் இதைச் சேர்ப்பதை நிறுத்தலாம் என்று அந்த நிர்வாகமே முன்மொழிந்தது. நம் ஊர்க் கடைகளில் இது சேர்ந்த மாத்திரைகள் இன்னும் ஏராளம். இவ்வகை மருந்துகள் இரத்த அழுத்தத்தைக் கூட்டக் கூடியவை. பி.பி., இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

காய்ச்சல் மட்டும் இருந்தால் பாராசிட்டமால் மட்டும் போதும். மூக்கு மட்டும் ஒழுகினால் பாராசிட்டமால் எதற்கு? எது தொல்லையோ அதற்கு மட்டும் மருந்து என்பதே பாதுகாப்பான வழி. செலவும் குறைவு.

அட்டையே இல்லாமல், சிறிய காகித உறையில் கலர் கலராக நான்கு மாத்திரைகளைப் போட்டு "மூன்று வேளைக்கு" என்று கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்பது நமக்கும் தெரியாது, நாளை ஆபத்து வந்தால் டாக்டருக்கும் தெரியாது. ஸ்டீராய்டு மாத்திரைகூட அதில் இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறிவிடும். பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள்.

5. மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து

சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் சொட்டு மருந்துகள் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். அதனால்தான் பழகிவிடுகிறது. மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால், மருந்து இறங்கியதும் முன்னைவிட அதிகமாக மூக்கு அடைக்கும். மறுபடி போடுவார்கள், மறுபடி அடைக்கும். இப்படியே மாதக்கணக்கில் சொட்டு மருந்தோடு தூங்குபவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கான சொட்டு மருந்தைக் குழந்தைக்குப் போடவே கூடாது.

வெறும் உப்புநீர்ச் சொட்டு இதற்கு நல்ல மாற்று. மெடிக்கலில் "சலைன் நேசல் டிராப்ஸ்" என்று கேட்டால் கிடைக்கும். பச்சைக் குழந்தைக்கும் பயமில்லாமல் போடலாம். பால் குடிப்பதற்குச் சற்று முன் ஒவ்வொரு துவாரத்திலும் ஓரிரு சொட்டு விட்டால் குழந்தை மூச்சு முட்டாமல் குடிக்கும்.

6. குழந்தைகளுக்கு இருமல் சிரப்: இங்கேதான் அதிக எச்சரிக்கை

2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் சளி, காய்ச்சலுக்காகச் சிரப் குடித்த குழந்தைகள் ஒவ்வொருவராகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் குடித்த "கோல்ட்ரிஃப்" சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் டைஎதிலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம் மட்டுமே. அந்த அக்டோபர் முதல் தேதியிலிருந்து தமிழகத்தில் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது. 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலும் இந்தியாவில் தயாரான இருமல் சிரப்புகளோடு தொடர்புபடுத்தி எழுபதுக்கு அருகில் குழந்தைகளின் மரணம் பேசப்பட்டது.

அந்தப் பெற்றோர்கள் யாரும் அலட்சியமானவர்கள் அல்ல. பிள்ளையின் சளி குறைய வேண்டும் என்றுதான் கொடுத்தார்கள். நச்சு கலந்ததைப் பாட்டிலைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒன்றை நாம் யோசிக்கலாம். அந்தச் சளிக்கு அந்தச் சிரப் தேவையா?

2025 அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் தெளிவாக அறிவுறுத்தியது: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருக்கிறது. நிமெசுலைடு மருந்து பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011 முதல் தடை. ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்கு ஆகாது.

எனவே சிறு குழந்தையின் சளிக்கு மருந்துக் கடையில் வாங்க வேண்டியவை இரண்டுதான்: உப்புநீர்ச் சொட்டு, காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால். ஏதாவது சிரப் குடித்த குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

7. குழந்தைக்குப் பாராசிட்டமால் அளவு

வயதைவிட எடையே முக்கியம். ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து அடுத்த வேளை.

ஆனால் கடையில் மூன்று விதமான பாட்டில்கள் இருக்கின்றன. அந்தப் பத்துக் கிலோ குழந்தைக்கே பாருங்கள்:

5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்: 5 மில்லி
5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்: 2.5 மில்லி
1 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து: 1 மில்லி

மூன்றாவது பாட்டிலைச் சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். அது ஒரு பெரியவரின் அளவு. "போன தடவை ஒரு மூடி கொடுத்தோமே" என்று நினைவை நம்பிக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பாட்டிலைப் படியுங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்க வேண்டாம், அந்தந்தப் பாட்டிலோடு வரும் அளவு மூடியையோ சொட்டியையோ மட்டும் பயன்படுத்துங்கள். கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் உம்மா ஒருமுறை, பாட்டி ஒருமுறை என்று இரட்டிப்பாகிவிடும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியமே கூடாது. நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

8. வீட்டு வைத்தியத்தில் எது நல்லது, எது ஆபத்து?

தேன்: ஒரு வயது நிறைந்த பிள்ளைகளுக்கு இரவில் படுக்கும் முன் அரை ஸ்பூன் முதல் ஒரு ஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் கூடாது. பிறந்த குழந்தைக்குச் சேனை என்று நாக்கில் தொட்டு வைப்பதும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தாக்கும்.

உப்புநீர் கொப்பளித்தல்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்பு. தொண்டைக்கு இதமானது.

சூடான கஞ்சி, ரசம், சூப்: நீர்ச்சத்து குறையாமல் காக்கும். பசியில்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், அடிக்கடி கொஞ்சம் குடிக்கக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

ஆவி பிடித்தல்: பெரியவர்களுக்குச் சற்று இதமாக இருக்கும். குழந்தையைக் கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் அருகே உட்கார வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகள் உண்டு.

கற்பூரம்: எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும், துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவதும் பழைய பழக்கம். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும். சிறு குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும். ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. கற்பூரம் சேர்ந்த தைலங்களையும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடவக் கூடாது. எந்த வயதினருக்கும் மூக்கினுள் பூசக் கூடாது.

9. சில தனிக் கவனங்கள்

மழைக்காலக் காய்ச்சல்: டெங்குவும் இதே காலத்தில்தான் வருகிறது. கடும் காய்ச்சலும் உடல்வலியும் இருந்து, மூக்கு ஒழுகாமல் இருந்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்தக் கசிவை அதிகமாக்கும். காரணம் தெரியாத காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே.

சர்க்கரை நோய்: பல சிரப்புகளில் சர்க்கரை உண்டு. சர்க்கரை இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள்.

நோன்பு காலம்: மூன்று வேளை மருந்தை இஃப்தாரிலும் சஹரிலும் சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டு மாத்திரைகளுக்கு இடையே உள்ள மணிக்கணக்கு நோன்பிலும் மாறாது. உடல்நிலை தாங்காவிட்டால் நோயாளிக்கு அந்த நோன்பை வேறு நாளில் வைக்கும் சலுகை இருக்கிறது.

வளைகுடா பயணம்: இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில மருந்துகள் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. கோடின் சேர்ந்த இருமல் சிரப்பும், டிரமடால் சேர்ந்த வலி மாத்திரையும் அமீரகம் போன்ற நாடுகளில் முன் அனுமதியில்லாமல் கொண்டு போனால் வழக்காகிவிடும். ஊரிலிருந்து போகும் யாரிடமாவது சளி மருந்து கொடுத்து அனுப்பும்போது அட்டையைப் படித்துவிட்டு அனுப்புங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துத் தனியாகக் கட்டிக் கொடுக்காதீர்கள்.

10. எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது குறைந்து மறுபடி ஏறினால்
மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், சளியில் இரத்தம் வந்தால்
காது வலி, கழுத்து இறுக்கம், கடும் தலைவலி இருந்தால்
குழந்தை பால் குடிக்க மறுத்தால், சோர்ந்து கிடந்தால், வலிப்பு வந்தால்
இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் (காசநோய்ப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்)
ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவருக்குச் சளி கூடினால்

குழந்தையின் மூச்சை எண்ணுவது ஒவ்வொரு தாயும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், அது நிமோனியாவாக இருக்கலாம். காலைவரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க

1. மருந்துப் பெட்டியில் உள்ள எல்லா அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். எத்தனை அட்டைகளில் பாராசிட்டமால் இருக்கிறது?
2. காலாவதியானவை, பெயர் அழிந்தவை, போன வருடம் திறந்த சிரப் பாட்டில்கள் ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள்.
3. உங்கள் குழந்தையின் இன்றைய எடை என்ன? அதற்குரிய பாராசிட்டமால் அளவை மேலே உள்ள கணக்கின்படி கண்டுபிடித்து, பாட்டிலின் மேல் எழுதி ஒட்டுங்கள். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் காட்டிச் சரிபாருங்கள்.
4. வீட்டில் பி.பி., சர்க்கரை, புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் யார்? அவர்களுக்கு ஆகாத சளி மாத்திரை எது?
5. அடுத்த முறை மெடிக்கலில் மருந்து வாங்கும்போது இந்த மூன்றையும் கேளுங்கள்: இதில் என்ன மருந்து இருக்கிறது? தூக்கம் வருமா? நான் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

படிக்கத் தெரியாத பெரியவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால், அவர்கள் வீட்டு மாத்திரை அட்டைகளையும் ஒருமுறை படித்துச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான் இது.